போஸ்டரில் உயர்ந்த கை

நீங்கள் பொய் சொன்னீர்கள், பாஸ்டர். கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்ட மேடையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, தெரிந்தே சொன்னீர்கள். அந்த மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரிலும், உத்தமபாளையத்திலிருந்து கூடலூர் வரை சுவர்தோறும் ஒட்டியிருக்கும் போஸ்டரிலும் ஒரே படம்தான். பனியனும் டவுசருமாக, முட்டியெல்லாம் செம்மண்ணாக, வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு ஒரு கபடி ஆட்டக்காரன் நிற்கிறான். அசல் படத்தில் அவனுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பவன் நான். போஸ்டரில் என்னை வெட்டிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கை ஏன் உயர்ந்தது என்று நீங்கள் மேடைக்கு மேடை சொல்கிறீர்கள், ஜனங்கள் கைதட்டுகிறார்கள். நீங்கள் சொல்லாமல் விடும் மீதியை நான் சொல்கிறேன். அந்தப் படத்தில் நிற்கும்போது நீங்கள் பாஸ்டர் இல்லை, எனக்கு வெறும் ‘அவன்’தான்.

அது எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்த இறுதிப் போட்டி. ஜெயிக்கிற அணிக்கு ஒரு கெடா பரிசு. மாலை போட்டு முளைக்குச்சியில் கட்டியிருந்தார்கள், அது மாலையைத் தின்றுகொண்டு நின்றது. பிடிக்க நிற்பவர்கள் இருவர் இருவராகக் கைகோத்து நிற்பது கபடியில் வழக்கம். மேட்டுத் தெருக்காரனான அவனும் பள்ளத் தெருக்காரனான நானும் ஒரு ஜோடி. அந்தக் களத்தைத் தவிர வேறெங்கும் இரண்டு தெருவும் கைகோத்து நான் பார்த்ததில்லை. புள்ளி சமமாக இருந்தது. எதிரணி ஆள் கடைசியாகப் பாடி வந்தான். யாரையும் தொடவில்லை என்று அவனே நினைத்து, தன் பக்கம் திரும்பியதும் தலையில் அடித்துக்கொண்டான். நடுவரும் ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார். அப்போது என் பிடியிலிருந்து கையை உருவி, மேலே தூக்கியபடி, எங்கள் ஆள் கோட்டைத் தாண்டி வெளியே நடந்தான். வந்தவனுடைய கால் கட்டைவிரல் எங்கள் ஆளுடைய குதிகாலில் உரசியிருக்கிறது. நடுவர் பார்க்காவிட்டாலும் தொடப்பட்டவன் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம்தான். ஆனால் இறுதிப் போட்டியில், கெடாவுக்கு முன்னால், யாரும் அந்தப் பழக்கத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

எங்கள் கேப்டன் அவன் பிடரியில் ஒன்று வைத்தார். “ஏலே கூறுகெட்டவனே, உன்னைய யாருலே கேட்டா?”

“யாரும் கேக்கலண்ணே. பட்டது எனக்குத் தெரியும்ல.”

“கெடாவ அவுத்துட்டுப் போறாங்களே, அது தெரியுதா உனக்கு?”

கூட்டத்தில் நின்ற என் அம்மா சிரித்தாள். “விடுங்கப்பா, கெடா எங்கிட்டுப் போனாலும் கொழம்புக்குத்தான் போகுது. இந்தப் பய கைய நம்பி எதையும் குடுக்கலாம்.”

அவன் பெரிய ஆட்டக்காரன் ஆனான். ஏலத்தில் ஆள் எடுக்கும் அணி ஒன்று அவனை எடுத்தது. டீக்கடை டிவியில் அவன் வரும்போது ஊரே எழுந்து நிற்கும். பிறகு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அணி அவனை விட்டுவிட்டது. ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்தவன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான். தையல் காய்ந்த பிறகும் கால் மடங்கவில்லை. என் அம்மா திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வருவாள். மயில்துத்தம் படிந்து நீலமாகிப்போன கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். உளுந்த மாவில் முட்டை வெள்ளையைக் குழைத்து எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போவாள். அந்த வீட்டில் அவளைப் பின்வாசல் வழியாகத்தான் விட்டார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பற்றுப் போட்டுவிட்டு வந்தாள். அவன் அவளை ஆத்தா என்றுதான் கூப்பிட்டான். எழுந்து நடந்தான், வேதம் படித்தான், பழைய வெங்காயக் குடோன் ஒன்றைப் பிடித்து ஜெபவீடு தொடங்கினான். என் அம்மாதான் முதல் விசுவாசி. அன்றிலிருந்து ஊரோடு சேர்ந்து நானும் அவனை அவர் என்று சொல்லப் பழகினேன். மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் ஒரே பாயில் உட்கார்ந்தது அந்தக் குடோனில்தான். அதை அவர்தான் செய்தார். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் செத்த பிறகு ஒரே பாய் கிடையாது. எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களுக்கு இருப்பது ஒரே கல்லறைத் தோட்டம். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் ஓடுகிறது. மேல் பாதி மேட்டுத் தெருவுக்கு, ஓடையை ஒட்டிய கீழ்ப் பாதி எங்களுக்கு. அது சாதிச் சுவர். அதற்கு வேறு பெயர் இல்லை.

என் அம்மா போன ஐப்பசியில், விடாத மழையில் இறந்தாள். எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் குழியில் தண்ணீர் ஊறியது. நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவர்களிடம் போய்க் கேட்டேன்.

“அங்கன மேடாத்தான கெடக்கு. ஒரு குழிக்கு மட்டும் இடம் குடுங்க.”

“அது எங்க ஆளுகளுக்குள்ள இடம்ப்பா. புதுசா ஒண்ணு ஆரம்பிக்காத” என்றார் ஒருவர்.

பாஸ்டர் என் பக்கத்தில்தான் குடைக்குள் பைபிளோடு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பைபிளைப் பார்த்தார். “மாப்ள, இந்நேரம் சண்ட வேணாம்டா. ஆத்தாவ நல்லபடியா அனுப்புவோம்” என்றார். வாளி வாளியாக இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. பெட்டியை இறக்கினால் மிதந்தது. கடைசியில் மேலே கல்லைத் தூக்கி வைத்து, என் அம்மாவை அமுக்கித்தான் மண்ணைத் தள்ளினோம். அவர் ஜெபம் சொன்னார்.

இந்தக் கோடைத் தேர்தலில் அவர் வேட்பாளர். கம்பம் கூட்டத்தில் ஒரு நிருபர் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டார். பாஸ்டர் திணறவே இல்லை. “அது சாதிச் சுவர் இல்ல தம்பி. ஓடைத் தண்ணி உள்ள வராம இருக்க அந்தக் காலத்துல கட்டுன தடுப்பு. எங்க ஊர்ல எல்லாரும் ஒரே குடும்பம்” என்றார். பேனரில் கை உயர்ந்திருந்தது. ஜனங்கள் தட்டினார்கள்.

அடுத்த வாரம் ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார். கூட வந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்து, என் அம்மா படத்துக்குக் கீழே உட்கார்ந்தார். காப்பி கொண்டுவந்த என் மனைவி டம்ளரை வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“தண்ணி வராம இருக்கக் கட்டுன செவருன்னு சொன்னீகளாம். பெறகு ஏண்ணே தண்ணி பூரா எங்க பக்கமே வந்து நிக்குது? அதுக்கும் சாதி தெரியுமோ?”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “தங்கச்சி, இப்ப அதப் பேசுனா மேட்டுத் தெரு ஓட்டு பூரா போயிரும். பெரியாளுக ஏற்கெனவே மொறச்சுக்கிட்டுத்தான் இருக்காக. ஜெயிச்சதும் நானே கடப்பாறையோட முன்னாடி நிக்கிறேன்.”

“இடிக்கச் சொல்லலடா” என்றேன். வெகு நாளைக்குப் பிறகு ‘டா’ வந்துவிட்டது. “அது என்ன செவருன்னு சொல்லச் சொல்றேன். தோத்தாத் தோத்துட்டுப் போற. கெடாவ விட்டவன்தான நீ?”

அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன். மடியில் கிடந்த அவருடைய வலது கை எழும்பியது. தோள் வரைக்கும் வந்தது. அங்கே வந்ததும் கட்சித் துண்டைச் சரிசெய்வதுபோல நடித்துவிட்டுக் கீழே இறங்கியது. காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார். அந்தக் கையைப் பக்கத்தில் நின்று பிடித்தவன் நான். அது எப்போது விறைக்கும், எப்போது உருவிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அது இன்னும் சாகவில்லை. அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து திட்டாமல் இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கிறேன்.

உங்கள் கடைசிக் கூட்டம் கம்பத்தில் அதே இடத்தில்தான் நடக்கிறது, பாஸ்டர். மேட்டுத் தெருவும் வரும், நாங்களும் வருவோம். அன்றைக்குக் களத்தில் உங்களை யாரும் கேட்கவில்லை, நீங்களாகவே கையைத் தூக்கினீர்கள். இப்போது நான் கேட்கிறேன், எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். பேனரில் இருக்கும் கை எனக்கு வேண்டாம். உங்கள் தோளிலிருந்து தொங்கும் கையைத் தூக்கி, அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். என் அம்மாவைத் தண்ணீருக்குள் தள்ளிய அந்தச் சுவர், என்ன சுவர்?