சட்டைப்பைக்குள் ஒரு ரெஜிமென்ட்

இத்தாலியில், லிபெர்த்தாத் தெருவில் நான் பராமரிக்கும் கிழவர் இளைப்பாறிய கேணல். ஒருநாள், குளிக்கவார்த்து நாற்காலியில் இருத்தியதும் கையை நீட்டினார். குலுக்கினேன். உள்ளங்கைக்குள் ஏதோ குளிர்ந்தது. டிப்ஸாக்கும் என்று பார்க்காமலே பொக்கெற்றுக்குள் விடப் போனேன்.

"பார் அதை," என்றார்.

காசு மாதிரிப் பெரிய பித்தளை வட்டம். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் அவருடைய படைப்பிரிவின் இலக்கம். அமெரிக்க ஆமிக்காரரோடு வேலை செய்தபோது தொற்றிக்கொண்ட பழக்கமாம். அந்தக் காசைக் கைகுலுக்கலுக்குள் மறைத்துத்தான் கொடுப்பார்கள். வாங்கியவன் எந்நேரமும் அதை உடம்போடு வைத்திருக்க வேண்டும். கூட்டாளி ஒருவன் தன்னுடையதை எடுத்து மேசையில் அடித்தால் மற்றவர்களும் உடனே அடிக்க வேண்டும். இல்லாதவன் எல்லாருக்கும் குடிக்க வாங்க வேண்டும். எல்லாரிடமும் இருந்தால் அடித்தவன் தலையில் செலவு.

அவரோடு அடித்து விளையாடிய நாலு பேரும் போய்விட்டார்கள்.

"ஆளில்லாமல் அடித்தால் அது வெறும் மேசை தட்டல்," என்றார். "ஞாயிற்றுக்கிழமை என் பிறந்தநாளுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக் கடையில் சாப்பிடுவோம். கொண்டு வா."

ரோமப் படைகளைப் பற்றி அரை மணித்தியாலம் கதைக்கக்கூடிய அளவுக்கு வாசித்தவன் நான். ஆனால் என் வீடு இருக்கும் பிரான்காச்சோவுக்குத் திரும்பும் பஸ்ஸில், பொலிஸ் வாகனத்தைக் கண்டபோதெல்லாம் கை தானாகப் பொக்கெற்றைப் பொத்தியது. யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகளில் வளர்ந்த கை. இத்தாலிக்கு வந்துவிட்டோம் என்று அதற்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

மனைவி கண்டதும் தொடங்கினாள். "விசரே உங்களுக்கு? ஆமிக்காரன்ர சாமானை வீட்டுக்கை கொண்டு வாறியள்!"

"அன்பளிப்பப்பா."

"ஓம். நாளைக்கு வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூராவுக்குப் போறியள்தானே? அங்கை பொலிசுக்கு முன்னாலை எடுத்து வையுங்கோ. வடிவா இருக்கும்."

அன்று பின்னேரம் நாலு இடம் மாற்றினேன். அலுமாரி, சப்பாத்து, அந்தோனியார் படத்துக்குப் பின்னால், திரும்பவும் அலுமாரி. கடைசியாக ஒளித்த ஐந்தாவது இடம் ஞாயிறு காலையில் எவ்வளவு யோசித்தும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒளிப்பதில் எங்கள் தலைமுறைக்கு நல்ல பயிற்சி. திரும்ப எடுக்க ஒருவரும் பழக்கவில்லை.

ஸ்ஃபெர்ராகவால்லோவில் கணவாய் வருவதற்கு முன்பே கிழவர் தன்னுடைய காசை மேசையில் அடித்துவிட்டார். பக்கத்து மேசைகள் திரும்பின. அவர் கண் என் கையில் இருந்தது. பொக்கெற் பொக்கெற்றாகத் துழாவினேன். பஸ் ரிக்கெற், செபமாலை. கடைசியில், எந்நேரமும் உடம்போடு திரிகிற ஒரே சாமானை எடுத்து அடித்தேன். என் பழைய பெர்மெஸ்ஸோ அட்டை.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைக் கேட்கிற பொலிஸ்காரன் தன்னுடையதை முதலில் காட்டுவானா?"

"இல்லை, கொலொனெல்லோ."

"அப்படியென்றால் இது செல்லாது. வைன் சொல்லு."

சிரிக்க முயன்றார், சரிவரவில்லை. வைனிலும் அரைக் கிளாஸ் மிஞ்சியது. தான் தந்ததை நான் எறிந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

திங்கள் விடிய குசினியிலிருந்து சத்தம். "இஞ்சருங்கோ, உங்கடை ஆமி அரிசி வாளிக்குள்ளை நிக்குது!"

கழுவி, துடைத்து, கையிலேயே பொத்திக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் பொலிஸ் நின்றதா என்று தெரியாது. கிழவரைக் குளியல் தொட்டிக்குள் இருத்தி, முதுகுக்குச் சவர்க்காரம் போட்டு, காசைத் தொட்டி விளிம்பில் ஓங்கி அடித்தேன்.

அவர் காசைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு பொக்கெற்றும் இல்லாத தன்னைப் பார்த்தார்.

"துரோகி," என்றார், தண்ணீர் தளும்பச் சிரித்துக்கொண்டு. "கோப்பி என் கணக்கில்."