எண்ணெய் வேணாம்

"அந்தக் கல்லு கேஸ்ல மாட்டினானே, அந்தத் தருமனா?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மாட்டினானாம்! மாட்டிவிட்டது யார் என்று கேட்க மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எல்லம்மாள். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் பூ கட்டி விற்கிறேன். என் கூடைக்கு அடுத்த கடைதான் தருமனின் சலூன். ஒரு நாற்காலி, ரசம் போன கண்ணாடி, ஆணியில் தொங்கும் கத்தி தீட்டுகிற தோல்வார், இவ்வளவுதான் கடை. ஆனால் கை இருக்கிறதே, தங்கமான கை! அவனிடம் சவரம் செய்துகொண்டு எழுந்தவர் முகத்தில் ஒரு கீறல் பார்த்ததில்லை நான். அப்பேர்ப்பட்ட ஆளை, நாற்பது வயதுக்காரனை, மீசை முளைக்காததுகள்கூட "டேய் தருமா" என்று கூப்பிடும். சாதி அப்படியாம். தூ!

எழுபத்தெட்டில் ஆசிரமத்துக்கு வந்த ஜப்பான்காரர் ஒருவர் ஆறு மாதம் இங்கே தங்கினார். மொரிதா என்று பெயர். நமக்குத்தான் வெள்ளையாக யார் வந்தாலும் சாமி ஆயிற்றே, அவர் ஜப்பான் சாமி ஆகிவிட்டார். அவரும் அவர் ஊரில் முடிதிருத்துகிறவர்தான், அவர் அப்பாவும் அதே தொழில்தான் என்று தெரிந்த நாளிலிருந்து தருமன் கடையே கதி என்று கிடந்தார்.

ஒருநாள் பையிலிருந்து துணி சுற்றிய ஒரு கல்லை எடுத்தார். செங்கல்லில் பாதி அளவு, வெளிறிய மஞ்சள், முதுகில் கறுப்பு மையில் அவர்கள் எழுத்து. அவர் ஊர் மலையில் வெட்டி எடுத்ததாம். கூடவே கட்டைவிரல் அளவில் ஒரு குட்டிக்கல். பெரிய கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குட்டிக்கல்லால் தேய்த்தால் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு பால் எழும்பும். அந்தப் பாலில் கத்தியை தட்டையாகப் படுக்க வைத்து, முதுகும் கூரும் கல்லை விட்டு எழும்பாமல், அழுத்தாமல், அப்படியும் இப்படியுமாகத் திருப்பித் தீட்ட வேண்டும். அது முதல் கல் இல்லை. மற்ற கல்லில் எல்லாம் தீட்டி முடித்தபின் கடைசியாகப் பிடிக்கிற கல்.

நம் ஊரில் சாணைக்கல் என்றால் தேங்காயெண்ணெய்தானே? முதல் நாள் தருமனும் பழக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தான். ஜப்பான் சாமி பதறி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் குடித்த கல்லில் பால் எழும்பாதாம். யாரிடம் கற்றுக்கொண்டாரோ, "எண்ணெய் வேணாம், எண்ணெய் வேணாம்" என்று தமிழிலேயே கத்தினார். தெருவே சிரித்தது. டீக்கடையில் "சக்கரை கம்மி" என்பதற்குப் பதிலாகக்கூட "எண்ணெய் வேணாம்" என்று கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்தக் கல்லை, என் கண்ணெதிரே, இரண்டு கையாலும் தருமன் கையில் கொடுத்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நம் ஊரில் அவனை அப்படிக் கும்பிட்டவர் ஒருத்தரைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

அந்தக் கல்தான் சகாதேவன் கண்ணை உறுத்தியது. ஜப்பான் சாமி தங்கிய லாட்ஜுக்கு அவர்தான் முதலாளி, எங்கள் கடை வரிசையும் அவருடையது. மெட்ராஸ்காரர் யாரோ அந்தக் கல் லேசில் கிடைக்காதது என்று அவரிடம் சொல்லித் தொலைத்திருக்கிறார். மறுநாளே ஆள் அனுப்பிக் கல்லைப் பிடுங்கிக்கொண்டார். ஜப்பான்காரர் அதைத் தனக்குத்தான் கொடுத்தாராம், சவரம் செய்ய வந்த தருமன் லாட்ஜ் அறையிலிருந்து திருடிவிட்டானாம்! நான் பார்த்தேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பூக்காரி பேச்சை யார் கேட்டது?

கடைக்காரர் சங்கத் தலைவர் கண்ணாயிரம் பஞ்சாயத்து பேச வந்தார். லாட்ஜ் வாசலில் கூட்டம். தருமன் தலை குனிந்து நின்றான். திருடன் என்று முடிவானால் கடை போகும், அதைவிட அவன் பெயர் போகும்.

"எனக்கே கத்தி தீட்டக் கத்துக் குடுத்தாருய்யா அவரு," என்றார் சகாதேவன்.

வாயைக் கொடுத்தாரா, பிடித்துக்கொண்டேன். "கத்துக் குடுத்தாருங்களா? அப்போ நாலு பேரு முன்னாடி தீட்டிக் காட்டுங்க மொதலாளி."

அந்த மனிதர் ஒருநாளும் சலூன் படி ஏறியவர் இல்லை. தருமன்தான் வீட்டுக்குப் போய்க் கொல்லைப்புறத்தில் நின்று சவரம் செய்துவிட்டு வரவேண்டும். தெருவில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரிந்தது அவருக்குத் தெரிய வழியில்லை. கெத்தாக உட்கார்ந்தார். "டேய், தேங்காண்ண கொண்டாடா," என்றார்.

கிண்ணம் வந்தது. கல்லின் மேல் கவிழ்த்தேவிட்டார்.

"ஐயோ மொதலாளி, எண்ணெய் வேணாம்!"

தருமன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திருடன் என்றபோதுகூட அப்படிக் கத்தவில்லை அவன். கூட்டம் முழுக்கச் சிரித்தது. கண்ணாயிரமும் தருமனிடம் சவரம் செய்துகொள்கிறவர்தான். அவருக்கும் புரிந்துவிட்டது. "கல்லை அவன்கிட்ட குடுத்துடுங்க சகாதேவன்," என்றார்.

"என்னமோ ஞாபகப் பிசகு. எடுத்துட்டுப் போடா," என்று சகாதேவன் எழுந்து உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான்! தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

சீயக்காய்த் தூளில் ஊறவைத்தும் கருங்கல்லில் தேய்த்தும் தருமன் ஒரு மாதம் பாடுபட்டான். ஒரு மூலையில் கறை போகவேயில்லை. மற்ற இடத்தில் பால் எழும்பியது.

"கல்லு சரியாயிடுச்சுக்கா. பேருதான் ஆகல," என்றான். உண்மைதான். நாற்காலியில் உட்காருகிறவர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வதை நானும் பார்த்தேன். மூன்று வருடம் பார்த்தேன்.

எண்பத்தொன்றில் சகாதேவனின் பேரனுக்கு மொட்டை. கீழ்பென்னாத்தூர் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயில். மூத்த பெண்ணின் குழந்தைக்கு வேறு யாரோ மொட்டை போட்டுத் தலையெல்லாம் ரத்தமாம். அதனால் மருமகள் ஆதிலட்சுமி, தருமன்தான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். மாலை கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன்.

தாய்மாமன் மடியில் குழந்தை. தருமன் தலையை நனைத்துக் கத்தியை வைத்தான். பூ உதிர்வது போல முடி உதிர்ந்தது. குழந்தை சிணுங்கக்கூட இல்லை. சரியாகப் பாதித் தலை ஆனதும் கத்தியைத் துடைத்தான், மடக்கினான், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா நிறுத்திட்ட? நல்ல நேரம் முடியப்போவுது," என்றார் சகாதேவன்.

"ஒரு வார்த்தை பாக்கி இருக்குங்க மொதலாளி. மூணு வருசமா."

கூடியிருந்த இருநூறு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சகாதேவன் முகம் சிவந்தது. பாதி மொட்டையோடு பேரனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? ஆதிலட்சுமி மாமனாரைப் பார்த்து, "சொல்லிடுங்க மாமா," என்றாள்.

"தருமன் திருடல," என்று முனகினார்.

"கடைசில நிக்கிறவங்களுக்குக் கேக்கலைங்க."

"தருமன் திருடல! கல்லு அவனுது! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்! போதுமா?"

"போதுங்க," என்றான் தருமன்.

நானாக இருந்தால் இன்னும் நாலு தடவை சொல்லவைத்திருப்பேன். அவன் கத்தியை விரித்தான். மிச்சப் பாதியையும் மழித்து முடிக்கும்போது குழந்தை மாமன் மடியிலேயே தூங்கிப்போயிருந்தது.