அக்காவின் பெருவிரல்

ரேஷன் கடையில் இருக்கும் அந்தச் சின்ன மெஷின் என் பெருவிரலை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்கிறது. வைத்ததும் பச்சை விளக்கு எரியும், கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மாதாமாதம் அந்த விளக்கைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இதே மெஷின் என் அக்காவை எத்தனை தடவை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறது.

அக்கா கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவள். அம்மா இறந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன், அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர் அதற்கு முன்பே எங்களை விட்டுப் போயிருந்தார். அம்மா வெட்டிய மரங்களை அக்கா வெட்டத் தொடங்கினாள். விடியும் முன்பே கத்தியோடு போவாள். பட்டையைச் சரிவாகச் சீவிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாகத் தேங்காய்ச் சிரட்டையில் இறங்கும். வெயில் ஏறியதும் மரம் மரமாகப் போய் வாளியில் சேர்த்து, பால் அளக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவாள்.

அப்படி வரும்போது அவள் விரல்களில் பால் காய்ந்து இன்னொரு தோல் போல ஒட்டியிருக்கும். எல்லோரும் அதைத் தேய்த்து உருட்டி எறிவார்கள். அக்கா மட்டும் பெருவிரல் தோலைக் கிழியாமல் முழுசாக, ஒரு சின்னத் தொப்பியைக் கழற்றுவது மாதிரி கழற்றுவாள். கழற்றி என்னிடம் நீட்டுவாள். நான் அதை என் பெருவிரலில் மாட்டிக்கொண்டு பாடம் படிப்பேன். எனக்கு அது தொளதொளவென்று இருக்கும். அவள் கைச்சூடு உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று அப்போது நம்பினேன்.

அந்த விரல்தான் பின்னாளில் மெஷினுக்குப் பிடிக்காமல் போனது. வருடக் கணக்காகக் கத்திப் பிடி உரசி உரசி மழுங்கிவிட்டது. வைப்பாள், சிவப்பு விளக்கு எரியும். சேலையில் துடைத்துவிட்டு வைப்பாள், சிவப்பு. தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைத்தாலும் சிவப்பு. ஒருநாள் கடைக்காரர் வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒங்களுக்கு ரேகையே இல்லக்கா" என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவரில்லை, அலுப்பில் சொன்னதுதான். ஆனால் அக்கா அதை மறக்கவில்லை. அன்று பெங்களூரில் இருந்த எனக்குப் போன் செய்தாள்.

"ஏட்டி, எனக்கு ரேகையே இல்லியாம். நீ கண்ணுக்குத் தெரியாததெல்லாம் செய்யுகியே, எனக்கு ரேகை இருக்கா இல்லியான்னு நீயே பாத்துச் சொல்லு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அம்மாவின் அடக்கம் முடிந்த மறுநாள் என்னைப் பள்ளிக்கு அனுப்பும்போதும் இப்படித்தான் சிரித்தாள்.

என் வேலை கண்ணுக்குத் தெரியாததைச் செய்வதுதான். பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் தலைமுடியை விட மெல்லிய வாய்க்கால்கள் செய்துகொண்டிருந்தேன். ஒரு துளி ரத்தத்தை அவற்றில் ஓடவிட்டுப் பரிசோதிக்கலாம். கண்ணாடி போல் மின்னும் வட்டத் தகட்டில் ஒளிபட்டால் இறுகும் ஒரு பசையைப் பூசி, வேண்டிய வடிவத்தில் மட்டும் ஒளி விழச் செய்து, மிச்சத்தைக் கழுவிவிட்டால் மேடு மேடாக அச்சு கிடைக்கும். அந்த அச்சின்மேல் தேன் மாதிரி இருக்கும் சிலிக்கோனை ஊற்றி, உறையவைத்து, உரித்தெடுக்க வேண்டும். மேடு இருந்த இடமெல்லாம் வாய்க்காலாகிவிடும். சிலிக்கோன் மகா உண்மையுள்ள பொருள், அச்சில் ஒரு கீறல் இருந்தால் அதையும் விடாமல் எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் செய்யும் அறையில் மஞ்சள் விளக்குதான் எரியும், கண் தவிர எல்லாவற்றையும் மூடிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

நான் விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "நானும் ஊத்தி, ஒறைய வச்சு, உரிச்செடுக்கேன். நீயும் ஊத்தி, ஒறைய வச்சு, உரிச்செடுக்க. இதுக்கா மக்கா இவ்வளவு படிச்ச?"

 

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் தரும் நீலக் கையுறை எனக்கு அரிப்பைத் தந்தது. விடுமுறைக்கு வந்தபோது எங்கள் ஊர்ப்பக்கம் செய்யும் ரப்பர் கையுறையில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் ஊர் ரப்பராக்கும் என்று பக்கத்து மேசைக்காரர்களுக்கும் பெருமையோடு விநியோகித்தேன். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் யார் ஊற்றிய சிலிக்கோனும் உறையவில்லை. அடுப்பில் வைத்தும் பிசுபிசுவென்று கிடந்தது. மருந்தை மாற்றினார்கள், தராசைச் சந்தேகப்பட்டார்கள், கடைசியில் குழுத்தலைவி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் துளி பட்டாலும் சிலிக்கோனை உறையவைக்கும் மருந்து செத்துவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மரத்துப் பால் காய்ந்து ஒட்டியிருந்தாலும் அதே கதைதான். வேறு எந்த ஊர்க்காரியும் பெட்டி கட்டிக்கொண்டு வந்து இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

அது தெரிந்தபிறகும் அக்காவின் விரலில் தோற்றேன் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனபோது ஒரு புட்டி சிலிக்கோனும் கையடக்க நுண்ணோக்கி ஒன்றும் கொண்டுபோனேன். முதலில் விரலையே நுண்ணோக்கியில் பார்த்தேன். வெடிப்பும், வெடிப்புக்குள் அடைந்த ரப்பரும், காய்த்துப்போன தோலும்தான் தெரிந்தது. கோடு என்று சொல்ல எதுவுமில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிப் பார்த்தால் தெரியாது, அச்செடுத்தால் தெரியும் என்று சொல்லிவைத்தேன். சோப்பும் சீயக்காயும் போட்டு இரண்டு தடவை கையைக் கழுவச் சொன்னேன். மெழுகுவர்த்தியை உருக்கி, இளஞ்சூட்டில் அவள் பெருவிரலை அழுத்தி, அந்தக் குழியில் சிலிக்கோனை ஊற்றி, தூசி விழாமல் மூடிவைத்தேன். அடுப்பில்லாமல் உறைய இரண்டு நாள் ஆகும். இரண்டு நாளும் அவள் தோட்டத்திலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் எட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் திறந்தோம். ஓரமெல்லாம் அழகாக உறைந்திருந்தது. அவள் விரல் பட்ட இடம் மட்டும் பிசுபிசுத்தது. வெடிப்புக்குள் இருந்த பால் மெழுகில் ஒட்டி, அங்கிருந்து தன் வேலையைக் காட்டிவிட்டது.

"நீ ஒழுங்கா கழுவுனியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"மெஷினுக்கும் பிடிக்கல்ல, ஒனக்க மருந்துக்கும் பிடிக்கல்ல எனக்க வெரல" என்றாள். பிறகு அவளே என்னைச் சமாதானப்படுத்தினாள். "சவத்த விடு. இலை உதிருத மாசம் வெட்டு கெடையாது. ஒரு மாசம் பால் படாம இருந்தா கை தெளிஞ்சிரும். அப்ப வா, எடுப்போம்."

இலை உதிரும் மாதம் என்றால் எங்கள் பக்கம் மாசி. அந்த மாசியில் எனக்கு ஒரு திட்டத்தை முடித்துக் கொடுக்கும் அவசரம், போகவில்லை. அடுத்த மாசியில் வேறொரு அவசரம். "வரலியா?" என்று கேட்டாள், "அடுத்த வருசம்" என்றேன். அந்த அவசரங்கள் என்னவென்று இப்போது யோசித்தால் ஒன்றுகூடச் சரியாக ஞாபகமில்லை. மூன்றாவது மாசி வருவதற்கு முன்பு, ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள்தான் கிடந்தாள்.

ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது அவளைப் பெட்டியில் வைத்துத் தலைமாட்டில் மெழுகுவர்த்திகள் ஏற்றியிருந்தார்கள். யாரோ கையைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். நான் அவள் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உருகிய மெழுகு கையெட்டும் தூரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. என் புத்தி எங்கே போனது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அங்கேதான் போனது. கொஞ்சம் மெழுகு, ஒரு நிமிடம், அவ்வளவுதான். வீடு நிறைய ஆட்கள், பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். என்ன நினைப்பார்களோ என்று இருந்துவிட்டேன். பெட்டியை மூடினார்கள். அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் எனக்கு மன்னிக்கவில்லை.

அதன்பிறகு பெங்களூரில் இருப்புக் கொள்ளவில்லை. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சின்னதாக ஓர் ஆய்வகம் இருக்கிறது, அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் எஸ்டேட் பஸ்ஸில் வடசேரிக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். சாயங்காலம் அக்காவின் வீட்டுக்கே திரும்பிப் போகிறேன். பூட்டைத் திறக்கும்போது, "வந்தியா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்க வேண்டும் என்று இருக்கும். கேட்காது. தெரிந்தும் வாசலில் ஒரு நொடி நிற்பேன்.

அவள் சாமான்கள் எதையும் நான் ஒதுக்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே அவளுடைய பவுடர் டப்பா இருந்தது, தட்டையான பழைய தகரம். சில நாள் அதைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன், விரல் வைக்கமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோவிலுக்குக் கிளம்பும்போது கை தவறிச் சாய்ந்தது. கொட்டிய பவுடரில் ஏதோ சுருண்டு கிடந்தது. காய்ந்த இலை என்று நினைத்து எடுத்தேன். ரப்பர். விரல் தொப்பி. வேலை முடிந்து வந்ததும் கழற்றி, எனக்குக் கொடுக்க நான் இல்லாததால் அதிலேயே போட்டிருக்கிறாள். ரப்பரோடு ரப்பர் ஒட்டினால் பிரிக்க முடியாது. பவுடருக்குள் கிடந்ததால் ஒட்டாமல் தப்பியிருக்கிறது.

அன்று நான் கோவிலுக்குப் போகவில்லை.

மறுநாள் ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பவுடரைக் கழுவினேன். அதை விரிக்க வேண்டுமென்றால் ஓரத்தில் வெட்ட வேண்டும். கத்தரியை எடுத்துவிட்டு இரண்டு தடவை கீழே வைத்தேன். மூன்றாம் தடவை வெட்டினேன். உள்பக்கத்தை மேலாக்கிக் கண்ணாடியில் பரப்பி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன்.

இருந்தது. நடுவில் ஒரு சுழி, அதைச் சுற்றிக் கோடுகள், தேய்ந்து தேய்ந்து மிக மெல்லியதாக, கத்தி உரசிய இடத்தில் அறுந்து, அந்தப்பக்கம் மறுபடி தொடங்கி ஓடின. மெஷினுக்கு எட்டாத நுணுக்கம், ஆனால் ரேகைதான். தினமும் அவள் துல்லியமாக அச்செடுத்து என் கையில் தந்திருக்கிறாள். நான் அதை விரலில் மாட்டி விளையாடிவிட்டு எறிந்திருக்கிறேன். "இருக்கு, அக்கா" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் யாருமில்லை. அழுதேன்.

பிறகுதான் பயம் பிடித்தது. பதப்படுத்தாத ரப்பர் நிற்காது, எங்கள் ஊர் ஈரத்தில் கறுத்து, இளகி, பிசினாகிவிடும். ஓரம் ஏற்கெனவே பழுப்பேறியிருந்தது. சிலிக்கோன் அதன்மேல் உறையாது, அந்தப் பாடத்தை நான் மறப்பதாயில்லை. மிச்சமிருந்த வழி உலோகம். நிக்கலுக்கு ரப்பரோடு பகை கிடையாது. ஆனால் உலோகம் படிந்தபிறகு ரப்பரைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், எங்கேயாவது பிசகினால் இரண்டும் போய்விடும். அப்படியே வைத்திருந்தால் சில மாதமாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு வாரம் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில் இன்னொரு மாசியைத் தள்ளிப்போட எனக்குத் துணிவில்லை.

காற்றை உறிஞ்சிய கூண்டுக்குள் வைத்து, கண்ணால் அளக்க முடியாத மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்தேன். பூச்சில் கம்பியைத் தொடவைத்து நிக்கல் கரைசலில் இறக்கினேன். இளம்பச்சையாக, வெதுவெதுப்பாக இருக்கும் கரைசல். அவசரப்பட்டு மின்சாரத்தைக் கூட்டினால் உலோகம் வளைந்துவிடும், கோடுகளும் கூடவே போகும். ஆகவே மிகக் குறைவாக வைத்து நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எதற்குமே இவ்வளவு நேரம் அவளோடு நான் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் ரப்பரை உரித்தேன். துண்டு துண்டாகத்தான் வந்தது, ஒன்றும் மிஞ்சவில்லை. கண்ணாடியில் ஒரு சின்ன உலோகத் தகடு கிடந்தது. அச்சுக்கு அச்சு எடுத்ததால் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் திரும்பியிருந்தது, அவள் விரலில் இருந்தபடியே. நுண்ணோக்கியில் சுழியைத் தேடினேன். அறுந்த இடம் உட்பட எல்லாம் இருந்தது.

அதை வடசேரியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கைக்குட்டையிலிருந்து எடுத்து என் பெருவிரலை அதன்மேல் வைத்தேன். சில்லென்று இருந்தது. வைத்தபடியே இருந்தேன். கீரிப்பாறை பஸ் வந்து, ஆளேற்றிக்கொண்டு, போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் தகடு சூடேறியது. அது என் சூடுதான், எனக்குத் தெரியும். அடுத்த பஸ்ஸும் வந்தது. நான் விரலை எடுக்கவில்லை.