கிழக்கே தலை வைத்த கட்டில்

லம்யாயை நர்ஸ் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. யோம் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சிறு மருத்துவமனையில், குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் அறையின் உதவியாளர் அவள். ஆளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, வேலை முடியும் வரை தலையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் ஊரில் பிறர் தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு என்பதால் முதலில் மன்னிப்புக் கேட்பாள். மயக்கத்தில் இருப்பவரிடமும் கேட்பாள்.

ஒரு மழைக்காலத்தில் தாவோன் என்ற படகுக்காரர் வந்தார். முழங்கால் வலிக்குக் கடை மாத்திரைகளைத் தின்று வயிறு புண்ணாகி, மலம் கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. ரத்தம் கசியும் இடத்தை அன்றே கண்டுபிடித்து அடைக்காவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் வித்தூன் சொல்லியிருந்தார்.

தாவோன் கட்டிலைப் பார்த்தார். ஜன்னல் வெயிலைப் பார்த்தார். செருப்பை மாட்டினார்.

“தலை மேற்கே வருது. பொணத்தைத்தான் அப்படிப் படுக்க வைப்பாங்க. நான் வீட்டுக்குப் போறேன்.”

“போனா அங்கேயும் அப்படித்தான் படுக்க வைப்பாங்க, பெரியப்பா,” என்றாள் லம்யாய்.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். அவள் கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பினாள். படுத்தார். வழக்கம்போல இடப்பக்கமாக ஒருக்களித்து முட்டுக் கொடுத்தாள்.

டாக்டர் கையுறையோடு வந்து நின்றார். அவருக்கு எதிரே தாவோனின் முதுகு இருந்தது. முகம் சுவரைப் பார்த்திருந்தது.

“இவருக்கு வாய் வழியாத்தானே?”

தாவோன் எழுந்து உட்கார்ந்தார். “வேற எது வழியா?”

“பின்பக்கமா குழாய் விட வேண்டியவங்களைத்தான் டாக்டருக்கு முதுகு காட்டிப் படுக்க வைப்போம்,” என்றாள் லம்யாய். “கட்டிலைத் திருப்பினேன். டாக்டரைத் திருப்ப மறந்துட்டேன்.”

“நான் வலப்பக்கமா படுக்கட்டுமா?”

“எனக்கு வழி தெரியாமப் போயிடும், மாமா. இடப்பக்கம்தான்,” என்றார் டாக்டர். “கட்டிலைப் பழையபடி திருப்பிடலாமே?”

தாவோன் காலால் செருப்பைத் தேடினார்.

கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தினார்கள். குழாய் இயந்திரத்தை மறுபக்கம் இழுத்தார்கள். டாக்டர் பருத்த உடம்புக்காரர். பக்கவாட்டாகச் சுவரோர இடுக்குக்குள் நுழைந்தார்.

“வயித்தை உள்ள இழுங்க, டாக்டர்,” என்றார் தாவோன்.

“நீங்க வாயைத் திறங்க.”

மயக்க மருந்து ஏறியது. லம்யாய் மன்னிப்புக் கேட்டுத் தலையைப் பிடித்தாள். “எச்சிலை விழுங்காதீங்க, வடிய விடுங்க. மூச்சு மட்டும் விட்டாப் போதும்.” இரைப்பையின் அடியில் புண் இருந்தது. டாக்டர் அதைச் சிறு உலோகக் கவ்வி போட்டு மூடினார். கசிவு நின்றது.

பாதி மயக்கத்தில் இருப்பவரின் கட்டிலை அசைக்க லம்யாய் விடமாட்டாள். ஆகவே இடுக்கில் மாட்டிக்கொண்ட டாக்டரால் வெளியே வர முடியவில்லை.

தாவோன் கண் விழித்தார். “பொழச்சிட்டேனா?”

“பொழச்சிட்டீங்க,” என்றது சுவரோரக் குரல். “கொஞ்சம் சீக்கிரம் தெளியுங்க.”