மமதா டீச்சரின் ஜூலை மாதம்

ஏப்ரல் மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிடுவார்கள், டீச்சர்களுக்கு விடமாட்டார்கள். மர்பி டவுனில் சர்ச்சுடன் ஒட்டியிருக்கும் அந்த ஆரம்பப் பள்ளியில் ஏழு டீச்சர்களும் மேஜைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரப்போகிற வருஷம் முழுவதையும் ஒரே வாரத்தில் எழுதி முடிப்பார்கள். எந்த மாதம் எந்தப் பாடம், எந்த வாரம் எந்தப் பாட்டு, எந்த நாள் டெஸ்ட் என்று கட்டம் கட்டமாக ஒரு பெரிய தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மௌரீன் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் மழை வந்தாலும் பந்த் வந்தாலும் தாள் அசையாது. பெங்களூரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

அந்தத் தாளுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் ஒன்றாம் வகுப்பு மமதா டீச்சர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அப்பா ஜெயராமன் ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்த்தவர். மூன்று தலைமுறையாக பௌத்தக் குடும்பம். வீட்டில் புத்தர் படம், பள்ளியில் சிலுவை. இருபத்தாறு வருஷமாக இரண்டுக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிற மமதாவுக்கு அதில் ஒரு தகராறும் வந்ததில்லை. காலை ஜெபப் பாட்டில் எல்லோரையும்விட உரக்கப் பாடுவது அவர்தான் என்று மௌரீனே கேலி செய்வார்.

முன்பெல்லாம் ஒவ்வொரு பாடமும் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. இ.வி.எஸ்.ஸில் குடும்பம் வரும்போது கணக்கில் ஏதோ மாம்பழம் எண்ணிக்கொண்டிருப்பார்கள். மாம்பழம் வரும்போது கன்னடப் பாட்டில் ரயில் போகும். "இந்தப் பசங்க தலைல எதுதான் நிக்கும்?" என்று ஒரு ஏப்ரலில் மமதாவுக்குக் கோபம் வந்தது. ஒரு மாதத்துக்கு ஒரு தலைப்பு என்று அவரே கட்டங்களைத் திருத்திப் போட்டார். ஜூன் முழுக்க 'நான்'. ஜூலை முழுக்க 'என் குடும்பம்'. ஆகஸ்டில் 'நமக்கு உதவுவோர்'. ஜூலையில் எந்தப் பீரியடைத் திறந்தாலும் உள்ளே அதே குடும்பம் உட்கார்ந்திருக்கும். இங்கிலீஷில் அம்மா அப்பா பாட்டு, கன்னடத்திலும் அதே, மாரல் சயின்ஸில் தாய் தகப்பனை மதிக்கச் சொல்லும் கட்டளை, கைவேலையில் குடும்ப மரம். மாதக் கடைசி சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக மேடையேற்றிக் குடும்பத்தைப் பற்றிப் பேசவைப்பார்கள். திட்டம் நன்றாக வேலை செய்தது. வேறு இரண்டு சர்ச் பள்ளிகளிலிருந்து வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். மமதாவுக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் போனது.

அதிலும் அவருக்குச் செல்லமானது கணக்குப் பாடம். 'உன் வீட்டில் எத்தனை பேர்? படம் வரைந்து கூட்டு' என்று ஒரே ஒரு கேள்வி. நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நாற்பத்திரண்டு விடை. விடைக்குறிப்பு மமதாவின் தலைக்குள் இருந்தது. எந்த வீட்டில் யார் யார் என்று அவருக்குத் தெரியாதது கிடையாது. பிள்ளைகள் நாயைச் சேர்த்துக் கூட்டுவார்கள். துபாயில் இருக்கும் மாமாவைச் சேர்ப்பார்கள். ஒரு தடவை ஒருவன் அப்பாவின் ஆட்டோவையும் சேர்த்து ஆறு என்று எழுதிவிட்டான். மமதா சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவால் அடித்துச் சரியான எண்ணை எழுதுவார். தப்புப் போட்ட பிள்ளை அதன் கீழேயே சரியான கணக்கை மூன்று முறை எழுதி, வீட்டில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். இது பள்ளியின் சட்டம்.

போன பிப்ரவரியில் ரமா செத்துப்போனாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்தாம் நாள் இல்லை. மமதாவிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவள்தான் ரமா. ஒரு இடத்தில் உட்காரமாட்டாள், பல்பத்தைத் தின்பாள். புருஷன் நரேஷ் வைட்ஃபீல்டுக்கு கேப் ஓட்டுகிறான். பையன் சுனில் நான்காம் வகுப்பு. பெண் ஸ்னேஹா அப்போது யு.கே.ஜி. சாவு வீட்டில் அந்தப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டிருந்தது மமதாதான். அவள் அழவில்லை. சாமியானா கம்பத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் பிறகு ஏப்ரலில் தாள் எழுதும்போது மமதாவுக்கு அது ஞாபகம் வரவில்லை. பத்து வருஷமாக எழுதும் கை, ஜூலைக் கட்டத்தில் தானாக 'என் குடும்பம்' என்று எழுதிவிட்டது. ஜூலை முதல் தேதி காலையில், முன் பெஞ்சில் ஸ்னேஹாவைப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. இடைவேளையில் ஓட்டமாகப் போய் மௌரீன் முன்னால் நின்றார்.

"மேடம், இந்த மாசத்த ஆகஸ்டோட மாத்திக்கலாமா? நம்ம ரமா பொண்ணு இருக்குது கிளாஸ்ல."

மௌரீன் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை, ரமாவின் சாவுக்கு அவரும் வந்திருந்தார். "மமதா, ஷெட்யூல் பேரண்ட்ஸ் கைல இருக்கு. இன்ஸ்பெக்டர் கைல இருக்கு. ஆகஸ்ட்ல மாத்தினா மட்டும் அந்தப் புள்ளைக்கு அம்மா வந்துடுவாளா? யூ ஒன்லி மேட் இட், மா. கேர்ஃபுல்லா கொண்டு போ."

கேர்ஃபுல்லாகத்தான் கொண்டுபோனார் மமதா. இத்தனை வருஷம் எழுதிய நோட்ஸை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு பீரியடையும் புதிதாக யோசித்தார். அம்மா சமைக்கிறாள் என்ற பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டு எடுத்தார். கட்டளையைச் சொல்லும்போது 'நம்மை வளர்க்கிறவர்கள்' என்று சொன்னார். குடும்ப மரம் ஒட்டும்போது ஸ்னேஹாவின் பக்கத்தில் போய்க் குனிந்து, "நீ யார வேணா ஒட்டலாம் கண்ணு" என்றார். அவள் அம்மாவின் சின்ன போட்டோவை மரத்தின் உச்சியில் ஒட்டினாள். தப்பித்துவிட்டோம் என்று மமதாவுக்கு அன்று தோன்றியது. எல்லாப் பாடத்திலும் கவனமாக இருந்தவருக்கு, கணக்கில் மட்டும் கவனமாக இருக்கத் தோன்றவில்லை. கணக்கில் யாருக்கு என்ன வலிக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்.

ஒரு வியாழக்கிழமை மதிய இடைவேளை. ஒரு கையில் தயிர்சாத டப்பா, இன்னொரு கையில் சிவப்புப் பேனா, எதிரே நாற்பத்திரண்டு நோட்டு. டிக், டிக், நாயைச் சேர்த்தவனுக்கு ஒரு இன்ட்டு, டிக். அடுத்த நோட்டில் மீசையோடு ஒரு ஆள், பின்னல் போட்ட ஒரு பொம்பளை, இரண்டு பிள்ளைகள். ஒன்று கூட்டல் ஒன்று கூட்டல் இரண்டு, சமம் நான்கு. மமதாவின் தலைக்குள் இருந்த விடைக்குறிப்பு அது தப்பு என்று சொன்னது. இன்ட்டு போட்டார். பக்கத்தில் மூன்று என்று எழுதினார். அடுத்த நோட்டுக்குப் போய்விட்டார். எழுத்தைப் பார்த்தே எந்த வீடு என்று கைக்குத் தெரிந்திருந்தது, அட்டையில் என்ன பெயர் என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் திருத்தம் செய்த நோட்டுகள் மேஜைக்கு வந்தன. மூன்றாவது நோட்டைத் திறந்த மமதா அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார்: ஸ்னேஹா. பின்னல் போட்ட பொம்பளையைக் காணோம். அந்த இடத்தில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. கீழே கோட்டை விட்டு விலகாத குண்டு எழுத்தில் மூன்று முறை: ஒன்று கூட்டல் இரண்டு, சமம் மூன்று. அதற்கும் கீழே நரேஷின் கையெழுத்து.

சாயங்காலம் ஹெப்பகோடி ஃபேக்டரியிலிருந்து வந்த புருஷன் இளங்கோவனிடம் சொல்லி அழுதார். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"செத்தவங்க பேர ரேஷன் கார்டுல அடிக்கிறவன்கூட வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் அடிப்பான். நீ இன்னாத்துக்கு மமதா அடிச்ச?"

சொன்ன பிறகு, என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. "சரி, எழுந்துரு. போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

நரேஷ் அன்று வண்டி எடுக்காமல் வீட்டில் இருந்தான். டீச்சரைப் பார்த்ததும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மமதா உட்காரவில்லை.

"நரேஷ், அந்தக் கணக்கு... நான் பாக்காம போட்டுட்டேன்பா. சத்தியமா பாக்கல."

"இன்னா மிஸ் நீங்க போய். சரியாத்தான போட்டுக்கீறீங்க." அவன் சுவரைப் பார்த்தான். "நாந்தான் அதுகிட்ட சொல்ல முடியாம நாளத் தள்ளிக்கினு இருந்தேன். அம்மா எப்ப வரும்னு கேக்கும். வரும், வரும்னுவேன். நேத்து வந்து நோட்டக் காட்டுச்சு. மிஸ் இன்ட்டு போட்டுட்டாங்க, வூட்ல மூணு பேர்தானாம் அப்பான்னுச்சு. நான் ஒன்னும் சொல்லல."

"அழுதாளா?"

"அழல மிஸ். ரப்பர் கேட்டுச்சு. வூட்ல இல்ல. நான்தான் கடைக்குப் போய் வாங்கியாந்தேன். எதுக்குன்னு கேக்கக்கூட இல்ல." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். உள்ளே சுனிலோடு உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்த ஸ்னேஹா, மிஸ் வந்திருப்பதைப் பார்த்து எழுந்து நின்று குட் ஈவினிங் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை ஜெபத்துக்கு முன்னாலேயே மமதா அவளை வகுப்புக்குள் கூப்பிட்டுக்கொண்டு போனார். நோட்டைத் திறந்து, தான் போட்ட இன்ட்டை அடித்து, பழைய நான்குக்குப் பக்கத்தில் பெரிய டிக் போட்டார்.

"நாலும் கரெக்டுதான் கண்ணு. அம்மாவையும் சேத்துக்கலாம்."

ஸ்னேஹா டிக்கைப் பார்த்தாள். "அப்ப ஏன் மிஸ் இன்ட்டு போட்டீங்க?"

"மிஸ் தெரியாம தப்பா போட்டுட்டேன்."

அவள் நம்பவில்லை. ஒன்றாம் வகுப்பில் மிஸ் தப்புப் போடுவதில்லை. அதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் மமதாதான். "அப்பாகூட சைன் போட்டுட்டாரு மிஸ்" என்றாள் மெதுவாக, டீச்சருக்கு ஏதோ விளங்கவில்லை என்பதுபோல.

சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஸ்னேஹா மட்டும் பேசாமல் இருந்தால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். பேசினால் மூன்று என்று சொல்லிவிடுவாள். ஒரே ஒரு தடவை, மேடையில், எல்லோர் முன்னாலும் அவள் நான்கு என்று சொல்லி, அதற்குத் தான் கை தட்டிவிட்டால் போதும் என்று மமதாவுக்குத் தோன்றியது. அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை. தினமும் மதியம் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். தேர் ஆர் ஃபோர் மெம்பர்ஸ் இன் மை ஃபேமிலி. ஸ்னேஹா சொன்னதைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஒரு பிசிறு இல்லாமல் சொன்னாள். மமதா அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை சர்ச் ஹால் நிறைந்துவிட்டது. வீட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்த அம்மாக்கள், யூனிஃபாரத்தோடு வந்த செக்யூரிட்டி அப்பாக்கள். நரேஷ் கடைசி வரிசையில் செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். மௌரீன் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட, மேடை ஓரத்தில் மமதா நின்று ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றிவிட்டார். ஸ்னேஹா எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். மமதாவின் உதடு அவளோடு சேர்ந்து அசைந்தது.

"மை நேம் இஸ் ஸ்னேஹா. தேர் ஆர்..." அவள் நிறுத்தினாள். திரும்பி மமதாவைப் பார்த்தாள். மமதா நான்கு விரலைக் காட்டினார். ஸ்னேஹா அந்த விரல்களைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தேர் ஆர் த்ரீ மெம்பர்ஸ் இன் மை ஃபேமிலி. மை ஃபாதர், மை பிரதர் அண்ட் மீ. தேங்க் யூ."

ஹால் முழுக்கக் கை தட்டியது. விஷயம் தெரிந்த அம்மாக்கள் இரண்டு மடங்கு தட்டினார்கள். கடைசி வரிசையில் செல்ஃபோன் கீழே இறங்கிவிட்டது. மௌரீன் அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்னேஹா படியிறங்கி வந்து மமதாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க டெஸ்ட் பண்ணீங்கதான மிஸ், நான் மறந்துடுவேனான்னு? கரெக்டா சொன்னனா?"

இல்லை என்றால், அவளுக்கு இரண்டாவது தடவையும் தப்பு என்று சொன்னதாக ஆகும். அந்தப் பாவத்தை இன்னொரு முறை செய்ய மமதாவுக்கு மனது வரவில்லை. குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டு, "வெரி குட். கரெக்டா சொன்ன" என்றார்.

ஸ்னேஹா சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பிள்ளை சிரித்து மமதா பார்த்தது அன்றைக்குத்தான்.