திருகோடு வந்த ஊசி

பஞ்சர்காரரின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மரக்கிளையில் தொங்கும் பழைய டயர்தான் பலகை. வெளியூர்ப் பயணத்தில் பைக் படுத்துவிட்டதென்று மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு தள்ளி வருவார்கள். "டயர்லதான் காத்து போச்சு, உங்களுக்குமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிடுவார்.

அன்று மதியம் தள்ளிக்கொண்டு வந்தது அவருடைய மாப்பிள்ளை. வழக்கமாக ஒரு ஹாரன்கூட அடிக்காமல் பறந்து போகிற ஆள். பின் சீட்டில் பெரிய பை கட்டியிருந்தது.

"வாங்க மாப்ள. எங்க, பையும் கையுமா?"

"வெளியூர்ல வேலை மாமா. சீக்கிரம் ஒட்டிக் குடுங்க."

"பாப்பா எப்படி இருக்கா? காலையிலேர்ந்து போனே எடுக்கல."

"அவளுக்கென்ன? நான் கிளம்பும்போதுகூட மெஷின்ல தைச்சுக்கிட்டுதான் இருந்தா. தலைக்கு மேல வேலை."

அவருக்கு மனசு ஆறியது. மகள் தைக்க உட்கார்ந்தால் சோறு தண்ணியே மறந்துபோகும், போன் எம்மாத்திரம்? பின் சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, டயரின் உட்புறத்தை விரலால் தடவினார். சுருக்கென்றது. வெளிப்பக்கம் திருப்பினால், டயரின் பள்ளத்தில் ஏதோ இறுகிக் கிடந்தது. குறடால் பிடுங்கினார்.

தையல் மெஷின் ஊசி. வெறும் ஊசியென்றால் பரவாயில்லை, தைக்கிறவள் வீட்டு வாசலில் ஊசி கிடக்காதா? இது காதில் நீல நூலோடும், ஊசியைப் பிடிக்கும் திருகோடும், ஊசி மாட்டும் கம்பியின் ஒடிந்த துண்டோடும் வந்தது. மகளுக்கு அவரே பூட்டிக் கொடுத்த மெஷின். அந்தக் கம்பி தானாக ஒடியாது. மெஷினைத் தூக்கிப் போட்டு உடைத்தால்தான் ஒடியும்.

இவன் கிளம்பும்போது அவள் எதில் தைத்துக்கொண்டிருந்தாள்? மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"டியூப் கிழிஞ்சிருக்கு மாப்ள, ஒட்ட முடியாது. டவுன்ல போய் புதுசு வாங்கிட்டு வந்துடறேன்."

"சக்கரத்த எதுக்கு மாமா எடுத்துட்டுப் போறீங்க?"

"அளவு பாக்கணும்ல."

டயர் அளவு தெரியாத பஞ்சர்காரரும் உண்டா? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். நல்லவேளை, அவனுக்கு உறைக்கவில்லை.

சக்கரத்தைத் தன் மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு ரோட்டில் ஏறினார். டவுன் பக்கம் போகாமல், மகள் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

"மாமா! டவுன் இந்தப் பக்கம்!"

"பாப்பா, உயிரோட இரும்மா" என்று வாய்விட்டே சொன்னார். கண்ணாடியில் பார்த்தார். மாப்பிள்ளை துரத்திக்கொண்டு வரவில்லை. பையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தான்.