அம்மா அழித்த பேய்

என் மாமா பேயாக நடித்த படத்திலிருந்து அவரை அழித்தது என் அம்மாதான். சொந்தத் தம்பியை. அரைப் பரீட்சை லீவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் அம்மா வேலை பார்த்த கிராபிக்ஸ் கம்பெனிக்கு அம்மா என்னையும் கூட்டிப் போனதால், அந்தக் காரியத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

கம்ப்யூட்டரில் மாமா ரப்பர் தோல் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கம்பி கட்டித் தலைகீழாகத் தொங்கினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூச்சு வாங்கியது. நான் அம்மாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ரப்பர் ரப்பராகவே தெரிகிறது என்று டைரக்டர் சொல்லிவிட்டாராம். பேயை முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்வதென்று முடிவு. கம்பியை மட்டும் அழிக்க உட்கார்ந்த அம்மாவுக்கு மாமாவையும் அழிக்கும் வேலை வந்து சேர்ந்தது. ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம். ஒவ்வொன்றிலும் அவரைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் சுவரை வைத்து மூட வேண்டும். "மாமாகிட்ட வாயத் தொறக்காதே" என்றாள் அம்மா.

மாமாவோ தான்தான் பேய் என்று எங்கள் மேனாம்பேடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். படம் வந்ததும் மதியக் காட்சிக்கு எட்டு நண்பர்களைத் திரட்டினார். எங்களையும் விடவில்லை. அம்மா தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள், பலிக்கவில்லை.

பேய் வந்தது. சுவரில் வழவழவென்று ஓடியது. நான் பாப்கார்ன் தின்பதை நிறுத்தவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ பேய்ப் படம் பார்த்தாயிற்று. நான் நிஜமாகப் பயந்தது அம்மாவின் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும்தான். அங்கே தொங்கியது ஓர் ஆள். அவர் விழுந்துவிடலாம்.

"மச்சான், நீ எங்கடா கீறே?" என்றார் ஒரு நண்பர்.

மாமா திரையில் ஓடிய பேயைக் கை காட்டினார். "அதோ, மேல ஓடுறேன் பாரு."

பெரியவர்கள் பொய் சொல்லக் கூடாது என்று நம்பும் வயது எனக்கு. "அது மாமா இல்ல. மாமாவ அம்மா அழிச்சிட்டாங்க" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி. நண்பர்கள் சிரித்த சிரிப்பில் பேயின் அலறலே கேட்கவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது மாமா கேட்டார்: "யக்கா, என்னை அழிக்க எத்தினி நாளாச்சி?"

"மூணு வாரம்."

"அப்போ நீயாவது மூணு வாரம் என்னைப் பாத்துகினு இருந்திருக்கே."

அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னைக் கிள்ளியதற்காகத்தான் வருந்துகிறாள் என்று நினைத்தேன். பெருந்தன்மையோடு அவள் கையைப் பிடித்து, "பரவாயில்லம்மா, வலிக்கல" என்றேன்.